மகளின் எடையைப் பார்க்கும்போது உயரத்தையும் பாருங்கள்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். மகளுக்கு 11 வயதும் 4 மாதமும், தரம் 6. போன வருடம் இதே காலத்தில் 34 கிலோ, இப்போது 42. உயரம் 138 சென்ரிமீற்றரிலிருந்து 145க்கு வந்திருக்கிறது. மார்பு வளரத் தொடங்கி ஒன்றரை வருடமாகிறது, இன்னும் பெரிய பிள்ளை ஆகவில்லை. வயிறும் இடுப்பும் பருத்துவிட்டதாகவும், மாமி தைரொயிட் பார்க்கச் சொல்வதாகவும், பக்கத்து வீட்டு அக்கா இரவுச் சோற்றை நிறுத்தச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது இது ஏதாவது வருத்தமா, சாப்பாட்டைக் குறைக்கலாமா என்ற இரண்டும்தான். ஆனால் நடுவில், "சாமத்திய வீட்டுக்கு முன் கொஞ்சம் மெலிந்தால் நல்லது" என்று ஒரு வரி வருகிறது. உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் திருகோணமலை மாவட்டத்துச் சிறுவர் கிளினிக்குகளில் 20 வருடங்களுக்கு மேல் வேலை செய்த மருத்துவர். உங்கள் மகளை நான் பார்க்கவில்லை, தொட்டுச் சோதிக்கவில்லை. நீங்கள் தந்த நான்கு இலக்கங்களை வைத்துத்தான் பேசுகிறேன். அவை வீட்டுத் தராசிலும் தையல் ரேப்பிலும் எடுத்தவை என்றால், முதலில் ஒருமுறை கிளினிக்கில் சரியாக அளந்துகொள்ளுங்கள். உயரத்தில் இரண்டு சென்ரிமீற்றர் பிழைத்தாலும் கணக்கு மாறிவிடும்.

சந்தேகமில்லாமல் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் எப்போது மார்பு வளரத் தொடங்கினாலும் அது வழமையானதே. அதிலிருந்து சராசரியாக இரண்டு, இரண்டரை வருடத்தில் மாதவிடாய் வரும். உயரம் மிக வேகமாகக் கூடுவது மாதவிடாய் வருவதற்கு முந்திய காலத்தில்தான். உச்ச வேகத்தில் ஒரு வருடத்துக்கு 8 சென்ரிமீற்றர் வரை வளர்வார்கள். உயரத்தின் உச்சம் முடிந்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் எடை கூடும் வேகம் உச்சத்துக்கு வரும், அதுவும் வருடத்துக்கு 8 கிலோ அளவில். பருவம் தொடங்குமுன் ஒரு சிறுமியின் உடலில் கொழுப்பு 16 சதவீதமளவில் இருக்கும். பருவம் முடியும்போது 27 சதவீதமளவுக்கு வந்துவிடும். இடுப்பு, தொடை, மார்பு உருவாவது அந்தக் கொழுப்பால்தான். நாளைக்கு ஒழுங்கான மாதவிடாய்க்கும் அது தேவை. சில பிள்ளைகளுக்கு உயரம் முந்தும், சிலருக்கு வயிறும் இடுப்பும் முந்தும். எட்டுக் கிலோ என்றதும் உங்களுக்கு நெஞ்சு திடுக்கிட்டிருக்கும். அதே வருடத்தில் ஏழு சென்ரிமீற்றர் வளர்ந்த பிள்ளைக்கு அது ஆச்சரியமான இலக்கமில்லை.

சரி, அதற்காக ஒன்றும் பார்க்கத் தேவையில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். உடற்திணிவுச் சுட்டியைப் பாருங்கள். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். மகளுக்குப் போன வருடம் அது 17.9 அளவில் இருந்தது, இப்போது 20க்கு ஒரு நூல் கீழே. வளர்ந்தவர்களுக்கான அட்டவணையைப் பார்த்து, 20 நல்ல இலக்கம்தானே என்று விட்டுவிடக் கூடாது. பிள்ளைகளுக்கு வயதுக்கு வயது கோடு வேறு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2007ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணைப்படி 11 வயதுப் பெண் பிள்ளைக்கு நடுக்கோடு 17 அளவில் போகும், 20 அளவில் அதிக எடைக் கோடு தொடங்கும், 24க்குச் சற்றுக் கீழே பருமன் என்ற கோடு. ஆக உங்கள் மகள் கோட்டுக்குள்தான் நிற்கிறாள், ஆனால் போன வருடத்தைவிடக் கோட்டை நெருங்கி வந்திருக்கிறாள். வளர்ச்சியோடு வந்த எடை பெரும்பங்கு, அதற்கு மேல் கொஞ்சம் ஏதோ கூடியிருக்கிறது. நம் தெற்காசிய உடல்வாகில் அதே எடையில் வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவு ஆபத்தும் கூட இருப்பதால் அந்தக் கொஞ்சத்தையும் நான் அலட்சியம் செய்வதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் உயரமும் எடையும் எடுத்து எழுதி வையுங்கள். ஒரு தடவை எடுத்த இலக்கத்தைவிடக் கோடு போகும் திசைதான் எனக்கு முக்கியம். அடுத்த வருடம் தரம் 7இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரும். அங்கும் அளப்பார்கள், அந்த இலக்கங்களையும் கேட்டு வாங்குங்கள்.

தைரொயிட் விடயம். மாமி சொல்வது அக்கறையில்தான். ஆனால் தைரொயிட் குறைந்த பிள்ளைக்கு எடை கூடும்போது உயரம் நின்றுவிடும், அல்லது மிகவும் மெதுவாகும். ஓமோன் கோளாறுகளில் எடை கூடும் பிள்ளைகளில் அநேகமாக எல்லோரிடமும் இதைத்தான் காண்போம்: பிள்ளை பக்கவாட்டில் வளரும், மேலே வளராது. பல வருடங்களுக்கு முன் ஒரு தாய், மகள் குண்டாகிவிட்டாள் என்று கூட்டிக்கொண்டு வந்தா. போன வருட உயரம் தெரியுமா என்று கேட்டேன், தெரியவில்லை. வீட்டில் குசினிக் கதவு நிலையில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் கோடு போடுவார்களாம். அடுத்த கிளினிக்குக்கு அதை நூலால் அளந்து, நூலில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தா. கடைசி இரண்டு முடிச்சுகளுக்கும் இடையில் ஒரு விரற்கடைகூட இல்லை. அந்தப் பிள்ளைக்குத் தைரொயிட் குறைவாகத்தான் இருந்தது. மாத்திரை தொடங்கியதும் வளரத் தொடங்கினாள். உங்கள் மகள் ஏழு சென்ரிமீற்றர் வளர்ந்திருக்கிறாள். ஆகவே தைரொயிட்தான் காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இரத்தம் சோதித்துத்தான் மனம் ஆறும் என்றால் சோதியுங்கள், குற்றமில்லை. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: எடை கூடிய பிள்ளைகளில், தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன் (TSH) சோதனையில் சிறிதளவு கூடிக் காட்டுவது உண்டு. பெரும்பாலும் அது எடையால் வந்த மாற்றம்; எடை சீரானதும் தானாக இறங்கும். அந்தச் சிறு ஏற்றத்தை வைத்து ஆயுளுக்கும் மாத்திரை தொடங்க அவசரப்படாதீர்கள்.

இனி நீங்களே வீட்டில் பார்க்கக்கூடியது ஒன்று. மகளுக்குத் தலை இழுக்கும்போது பிடரியைப் பாருங்கள். கழுத்தின் பின்பக்கமும் கமக்கட்டும் கறுத்து, தொட்டால் வெல்வெட் துணிபோலத் தடித்து இருந்தால் அது ஊத்தை அல்ல. பயற்றம்மாவும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கி, அதற்குப் பிறகு எங்களிடம் வந்த பிள்ளைகள் உண்டு. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்குத் தோல் காட்டும் அடையாளம் அது. கண்டால் மருத்துவரிடம் காட்டி இரத்தத்தில் சீனியைப் பார்க்க வேண்டும். அடிக்கடி தாகம், இரவில் பல தடவை சிறுநீர், தலையிடியோடு பார்வை மங்கல், பலத்த குறட்டையும் பகலில் தூக்கமும், இடுப்போ முழங்காலோ நொந்து நொண்டுதல், வயிற்றில் அகலமான ஊதாநிறக் கோடுகள், முகத்தில் மீசைபோல மயிர், இவற்றில் எதுவும் இருந்தாலும் காத்திருக்காமல் காட்டுங்கள். யாரோ கொடுத்த, பெயர் தெரியாத மாத்திரையோ தூளோ நீண்ட நாள் எடுத்திருந்தால் அதைக் கட்டாயம் கையோடு கொண்டுபோங்கள். அதில் ஸ்ரீரொயிட் (steroid) மருந்து இருந்தால் எடை கூடும், உயரம் நிற்கும்.

சில விடயங்கள் அவ்வளவு தெளிவில்லை. எடை கூடிய பெண் பிள்ளைகள் சராசரியில் சற்று வேளைக்குப் பெரிய பிள்ளை ஆகிறார்கள் என்பது பல நாடுகளில் கண்டது. எடைதான் பருவத்தை முந்த வைக்கிறதா, முந்திய பருவம்தான் எடையைக் கூட்டுகிறதா என்று முழுதாகப் பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் நடக்கிறது போலத்தான் தெரிகிறது. புறொயிலர் கோழிக்கு ஓமோன் ஊசி போடுகிறார்கள், அதைத் தின்றுதான் பிள்ளைகள் இப்படி என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தக் கோழி வேகமாக வளர்வது இனத் தெரிவாலும் தீனியாலும்தான். கோழியை விடுங்கள், அது எந்த எண்ணெயில் எவ்வளவு பொரிக்கப்படுகிறது என்று பாருங்கள். இன்னொன்று, "வளரும்போது இழுபட்டுப் போகும்" என்று அம்மம்மாமார் சொல்வது. அது பாதி உண்மை. மாதவிடாய் வருமுன் எடை அப்படியே நிற்க உயரம் கூடினால் பிள்ளை மெலிந்துதான் தெரிவாள். மாதவிடாய் வந்த பிறகு சராசரியாக 5 முதல் 7 சென்ரிமீற்றர்தான் மிச்சம், அதற்குப் பிறகு இழுபட அதிக இடமில்லை. உங்கள் மகளுக்கு இன்னும் ஒரு வருடமளவு இருக்கலாம். பிள்ளைக்குப் பிள்ளை இது மாறும். அந்தக் காலத்தில் எடை இறங்க வேண்டும் என்றில்லை, ஏறும் வேகம் குறைந்தாலே போதும்.

அதனால் இரவுச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஒரு மனுசி ஆயுளுக்கும் நம்பி நிற்கும் எலும்பில் நாலில் ஒரு பங்கு, வளர்ச்சி உச்சத்தைச் சுற்றிய இரண்டே வருடத்தில் சேர்கிறது. மாதவிடாய் தொடங்கினால் இரும்புச்சத்தின் தேவையும் கூடும். இந்த நேரத்தில் பட்டினி போட்டால் அடிபடுவது எலும்பும் இரத்தமும்தான். இன்னொன்றும் நடக்கும்: இரவில் பசியோடு படுத்த பிள்ளை அடுத்த நாள் பின்னேரம் கண்டதையும் தின்னும், பிறகு ஒளித்துத் தின்னப் பழகும். அமெரிக்கச் சிறுவர் மருத்துவச் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் வளரிளம் பிள்ளைகளை டயட்டில் போடாதீர்கள், எடையைப் பற்றிப் பேசாதீர்கள், குடும்பமாக இருந்து சாப்பிடுங்கள் என்றுதான் இருக்கிறது. டயட் இருந்த பிள்ளைகளில் சாப்பாட்டு மனநோயும் பிற்காலப் பருமனும் கூடுதலாகக் காணப்பட்டதால்தான் அப்படிச் சொன்னார்கள். காலைச் சாப்பாடில்லாமல் போய்ப் பாடசாலைக் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளை நானே எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். கேட்டால் வீட்டில் யாரோ "குண்டு" என்று சொல்லியிருப்பார்கள்.

மாற்ற வேண்டியது வீட்டின் பழக்கம், அதுவும் எல்லோருக்கும் ஒரேயடியாக. மகளுக்கு மட்டும் சின்னக் கோப்பை, தம்பிக்குப் பெரிய கோப்பை என்றால் அது தண்டனை. முதலில் தேநீரை எண்ணுங்கள். காலையில் ஒன்று, ரியூசனுக்குப் போகமுன் ஒன்று, இரவு படிக்கும்போது ஒன்று; ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி குவித்துப் போட்டால் நாளுக்கு 30 கிராம் சீனி. இந்த வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு ஏறத்தாழ 2000 கலோரி தேவை. அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே, அதாவது 50 கிராமுக்குக் கீழே சீனி இருக்க வேண்டும், 25 கிராமுக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. ஆக பிஸ்கட்டும் குளிர்பானமும் சேருமுன், தேநீரே அந்த நல்ல அளவைத் தாண்டிவிட்டது. ஒரேயடியாக நிறுத்தினால் சண்டைதான் வரும். வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்குப் பழகிவிடும். போத்தல் குளிர்பானங்களில் 2016 முதல் நம் நாட்டில் நிறக்குறி இருக்கிறது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. செம்மஞ்சள் என்றதும் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். 8 கிராம் என்று போட்ட 400 மில்லிலீற்றர் போத்தலில் 32 கிராம், எட்டுத் தேக்கரண்டி இருக்கிறது.

பிறகு ரியூசன். எங்கள் பிள்ளைகள் பருக்கத் தொடங்குவது பெரும்பாலும் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் அந்த ஒன்றரை, இரண்டு வருடத்தில்தான் என்பது என் அனுபவம். இதற்கு என்னிடம் ஆய்வு இல்லை, கிளினிக்கில் கண்டதைச் சொல்கிறேன். பாடசாலை முடிந்து வந்து அவசரமாக நாலு வாய், உடனே ரியூசன், வாசலில் ஒரு றோல்ஸ் அல்லது பற்றிஸ், வீடு வர ஏழு மணி, ஒன்பதரைக்குப் பிட்டும் குழம்பும் போனைப் பார்த்தபடி, படுக்கப் பதினொரு மணி. 12 வயது வரையான பிள்ளைக்கு 9 மணித்தியாலத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் அடுத்த நாள் பசி கூடும். ரியூசன் பைக்குள் அவித்த கடலையோ பயறோ, ஒரு வாழைப்பழமோ, ஒரு பிடி கச்சானோ வைத்து விடுங்கள். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவாருங்கள். சோறோ பிட்டோ இருக்கட்டும், கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கூடவே மீன் அல்லது முட்டை. கடல் பக்கத்தில் இருக்கும் ஊரில் சூடை மீனும் கீரி மீனும் மலிவாகக் கிடைக்கும் நாளில், பிள்ளைக்குச் சொசேஜ் பொரித்துக் கொடுப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனம் நோகிறது. சூடையின் முள்ளையும் மென்று தின்னப் பழகினால் கல்சியமும் வந்துவிடும்.

சாமத்திய வீடு பற்றி. மெலிய வைப்பதைப் பற்றி இப்போதே யோசிக்கிறீர்கள், அந்த நாட்களில் கொடுக்கப் போகும் சாப்பாட்டைப் பற்றி யோசித்தீர்களா? உழுந்தங்களி, பச்சை முட்டை, நல்லெண்ணெய், பொரித்த கத்தரிக்காய். மெலிந்த பிள்ளைகள் நிறைந்திருந்த காலத்தில் இரத்தமும் சதையும் ஊறட்டும் என்று பெரியவர்கள் அன்போடு ஏற்படுத்திய வழக்கம் அது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 50 மில்லிலீற்றர் நல்லெண்ணெய் என்றால் 400 கலோரிக்குச் சற்று மேல், ஒரு நாள் தேவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதை நாள் தவறாமல் குடிக்கக் கொடுத்து, வெளியே விடாமல் இருத்தியும் வைத்தால் ஒரு மாதத்தில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாமியிடம் இப்போதே மெதுவாகப் பேசி வையுங்கள். முட்டை கொடுக்கலாம், அவித்துக் கொடுங்கள். பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம். உழுந்து நல்லது, களியில் சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்துக் கிண்டலாம். நல்லெண்ணெய் கறியில் ஒரு கரண்டி சேரட்டும். படத்துக்கு மெலிந்து தெரிய வேண்டும் என்பதற்கு, சாறியையும் சட்டையையும் அவள் அளவுக்குத் தைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

அவள் காதில் விழும் பேச்சுத்தான் எல்லாவற்றிலும் கடினம். நான் வேலைக்கு வந்த புதிதில், தராசில் ஏறிய ஒரு பிள்ளையின் எடையைத் தாதிக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை கால்விரல்களை மடக்கிக்கொண்டு தராசிலேயே நின்றாள், இறங்கவில்லை. அடுத்த தடவை தாய் மட்டும்தான் வந்தா. அதற்குப் பிறகு நான் இலக்கத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை, எழுதிக் காட்டுவேன். வீட்டிலும் அப்படி இருங்கள். "குண்டம்மா", "பூசணி" என்று செல்லமாகக்கூட யாரும் கூப்பிடக் கூடாது. வரும் சித்தி, பெரியம்மா சொன்னால் பிள்ளைக்கு முன்னாலேயே நீங்கள் பதில் சொல்லுங்கள்: "அவ வளர்கிற வயசு அக்கா, சரியாத்தான் வளர்றா." அந்த வசனம் உங்கள் வாயிலிருந்து வருவதை அவள் கேட்க வேண்டும். தன் உடம்பைப் பற்றி அவளாகக் கேட்டால், மார்பும் இடுப்பும் ஏன் பருக்கிறது, இரத்தம் எப்போது வரும் என்று நேராகச் சொல்லிக் கொடுங்கள்.

மாதவிடாய் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வருடம் ஒழுங்கில்லாமல் வருவது சாதாரணம். உடனே ஸ்கான் எடுத்துச் சூலகத்தில் கட்டி என்று பயந்து ஓட வேண்டாம். அந்த வயதுச் சூலகம் இயல்பாகவே பல சிறு நீர்ப்பைகளோடுதான் தெரியும். அதனால்தான் மாதவிடாய் தொடங்கி 8 வருடத்துக்குள் ஸ்கானை வைத்துச் சூலக நீர்ப்பை நோயை (PCOS) தீர்மானிக்கக் கூடாது என்று 2018ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் வராமல் நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, சைக்கிளும் விளையாட்டும் இனி வேண்டாம் என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நாளுக்கு 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டிய வயது இது. பகல் வெயிலில் முடியாது என்றால் ஐந்தரைக்குப் பிறகு டச்பேக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களும் நடவுங்கள். வெள்ளிக்கிழமையில் கோணேசர் கோயிலுக்கு ஓட்டோவில் மேலே வரை போகாமல், கோட்டை வாசலில் இறங்கி மான்களைப் பார்த்தபடி ஏறிப் போகலாம். அவளே ஓட மாட்டேன் என்கிறாளா? அப்படியென்றால் சோம்பேறி என்று ஏசமுன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். இந்த வயதில் எத்தனையோ பிள்ளைகள் ஓட்டத்தை விடுவது மார்பு குலுங்குகிறது, பெடியன்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தால்தான், அதைத் தாயிடம் சொல்லவும் தெரியாது. சரியான அளவில், இறுக்கிப் பிடிக்கும் விளையாட்டு உள்ளாடை இரண்டு வாங்கிக் கொடுங்கள். கடையில் ஊகித்து வாங்காமல் வீட்டில் ரேப் வைத்து அளந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாளுக்கு முன் அது அவள் அலுமாரியில் இருக்கட்டும்.